சுண்டெலிக்கு வராத தள்ளாட்டம்

அன்புள்ள மங்கை,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. பையனுக்கு எந்தக் கல்லூரி என்று நீ எழுதவே இல்லையே?

தோலில் எடுத்த செல்லை வைத்து மூளை நோயை எப்படி ஆராய்வது என்று கேட்டிருந்தாய். நாங்கள் பார்ப்பது அடாக்சியா டெலாஞ்சியெக்டேசியா, சுருக்கமாக ஏ-டி. நடை பழகும் வயதில் தள்ளாட்டம் தொடங்கும். பத்து வயதையொட்டிப் பல குழந்தைகள் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். சிறுமூளையில் பர்கின்ஜி செல்கள் என்ற பெரிய நரம்புச் செல்கள் அழிந்துகொண்டே போகும். அதோடு நோய் எதிர்ப்புக் குறைவு, ரத்தப் புற்றுநோய், லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய். புற்றுநோய்க்கு மற்றவர்களுக்கு வைக்கிற அளவில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தாலே இவர்கள் உடம்பு தாங்காது என்பது 1960களின் கடைசியில் தெரியவந்தது.

காரணமான மரபணுவை 1995-ல் டெல் அவிவில் யோசி ஷிலோவின் குழு கண்டுபிடித்தது. ஏ.டி.எம். என்று பெயர், 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் அறுந்தால், பழுது பார்க்கும்வரை செல்லைப் பிரியவிடாமல் நிறுத்துவது ஏ.டி.எம். புரதம்தான். அது இல்லாத செல் அறுந்த இழையோடேயே பிரியப் போய்விடுகிறது. சரி, கதிர்வீச்சு தாங்காததற்கு இது போதும். ஆனால் பர்கின்ஜி செல் பிரிவதே இல்லையே, அது ஏன் சாகிறது?

அடுத்த ஆண்டே அந்த மரபணு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்கும் கதிர்வீச்சு ஆகவில்லை, நெஞ்சிலிருக்கும் தைமஸ் சுரப்பியில் புற்றும் வந்தது. சிறுமூளை மட்டும் குழந்தைகளுக்கு அழிவதுபோல் அழியவில்லை. பெற்றவர்களை வாட்டும் கேள்விக்கு எலியிடம் பதில் இல்லை என்றாகிவிட்டது.

அதனால்தான் எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல். வளர்ந்த செல்லைக் கருநிலைக்குத் திருப்பும் வழியை ஜப்பானிய விஞ்ஞானி யமனகா 2006-ல் எலியிலும் 2007-ல் மனிதரிலும் காட்டினார். 2012-ல் பிரிஸ்பேன் குழு ஏ-டி நோயாளிகளின் தோல் செல்லை அப்படித் திருப்பியது. இந்தச் செல்கள் லேசில் திரும்புவதில்லை, திருப்புவதற்கே ஏ.டி.எம். தேவைப்படுகிறது போலும். திரும்பியவற்றிலும் அதே கதிர்வீச்சுக் கூச்சம் இருந்தது. அவற்றிலிருந்து நரம்புச் செல்லை வளர்க்கலாம், மருந்தையும் அதிலேயே சோதிக்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு குழு, மரபணுவில் பாதியில் விழுந்த ‘நிறுத்து’ குறியைத் தாண்டிப் படிக்க வைக்கும் மருந்துகளை இப்படித்தான் சோதித்தது.

நுண்ணோக்கியில் ஸ்டெம் செல்களின் நல்ல கூட்டம் தட்டையாக, ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். ஓரம் கலைந்து செல்கள் நீள ஆரம்பித்தால் அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும். கதிர் கொடுத்து, சாயம் ஏற்றிப் பார்த்தால் இழை அறுந்த இடங்கள் புள்ளி புள்ளியாக ஒளிரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் செல்லைக் கொடுத்த குழந்தையை நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். தட்டில் வளரும் நரம்புச் செல்லின் முதிர்ச்சி கருவிலிருக்கும் குழந்தையுடையது. நோயோ வருடக்கணக்கில் வேலை செய்கிறது. அதனால் ‘மருந்து வந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் உன்னிடம் வரும் பெற்றோருக்கு நம்பிக்கையை அள்ளிக் கொடுத்துவிடாதே.

அப்புறம், உன் ஓ.பி.க்கு ஒன்று. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டுகிற நம் பக்கத்தில் அதை மறக்கக் கூடாது. தள்ளாடும் குழந்தையைப் பெருமூளை வாதம் என்று எழுதுமுன் கண்ணின் வெள்ளையில் ரத்த நாளம் விரிந்திருக்கிறதா பார். சின்ன வயதில் அது தெரியாமலும் இருக்கலாம், அதனால் ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்ற புரதம் கூடியிருக்கிறதா என்றும் பார்த்துவிடு. சந்தேகம் இருந்தால் கதிர்வீச்சு உள்ள சி.டி. வேண்டாம், எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பு. அப்படி யாராவது வந்தால் உடனே எனக்கு எழுது.

அன்புடன்,
கலா