260 ரெமிங்டன் வாங்குறதுக்கு முன்னாடி

அம்மாடி,

நீ அனுப்பின போட்டோவ பாத்தேன், அம்மாவும் பாத்தா. ரைபிள நல்லா வச்சிருந்திருக்காங்க, விலையும் நியாயமாத்தான் தெரியுது. ஆனா அது 260 ரெமிங்டன்ங்கற தோட்டா போடுற ரைபிள்மா. உங்க சாஸ்கட்டூன்ல எந்தக் கடைக்குப் போனாலும் 6.5 கிரீட்மோர் தோட்டா தான் அடுக்கி வச்சிருப்பாங்க, 260 ஒரு பெட்டி கண்ணுல பட்டாலே பெரிய விஷயம். வாங்காதேன்னு சொல்லல, எனக்கு அந்தத் தோட்டா ரொம்பப் பிடிக்கும். தோட்டாவோட பித்தளைக் கூடுதான் கேஸ், சுட்டப்புறம் அதுல மறுபடி மருந்தும் குண்டும் வச்சு நாமளே தோட்டா பண்ணிக்கலாம், முதல்ல நல்ல கேஸ் கையில வரட்டும், அப்புறமா ரைபிளுக்கு காசக் கொடு, இதச் சொல்லத்தான் உக்காந்து எழுதுறேன்.

308ங்கற தோட்டாவோட கேஸ் கழுத்த 6.5 மில்லிமீட்டருக்கு சுருக்கி 1997-ல ரெமிங்டன் கடைக்கு கொண்டு வந்ததுதான் இது. உதை கம்மி, மானுக்கு தாராளமாப் போதும். 2007-ல ஹார்னடி கம்பெனி கிரீட்மோர கொண்டுவந்ததும் கூட்டம் எல்லாம் அந்தப் பக்கம் போயிருச்சு. காரணம் இருக்கு, கிரீட்மோர் கேஸ் 1.920 இஞ்ச், 260 வந்து 2.035, கேஸ் குட்டையா இருக்கறதால நீளமான குண்டு வச்சாலும் மேகசின்ல அடங்கிரும், 260-ல குண்ட கேஸுக்குள்ள அமுக்க வேண்டி வரும். இன்னொண்ணு பேரல் முறுக்கு, அதாவது குண்ட சுழல வைக்கிற உள்வரி எத்தன இஞ்சுக்கு ஒரு சுத்து சுத்துதுங்கறது, பழைய ரெமிங்டன்ல 9 இஞ்சுக்கு ஒரு சுத்து தான் போட்டாங்க, 140 கிரெய்ன் (குண்டோட எடைக் கணக்கு) நீளக் குண்டுக்கு 8 இருந்தாத்தான் நிம்மதி. விக்கிறவர் சொல்றத நம்பாத, க்ளீனிங் ராடுல துணிய டைட்டா சுத்தி பேரலுக்குள்ள விடு, ராடுல ஒரு கோடு போட்டுக்கோ, மெதுவா தள்ளு, கோடு ஒரு முழுச் சுத்து சுத்தி அதே இடத்துக்கு வர்றப்போ ராடு எத்தன இஞ்ச் உள்ள போயிருக்குன்னு அளந்து சொல்லு.

இப்போ கேஸ் விஷயம். பின்லாந்து லபுவா கம்பெனி 260 கேஸ் போடுறான், கிடைச்சா வேற யோசனையே வேணாம், கழுத்துச் சுவர் ஒரே தடிமனா இருக்கும், பிரைமர் பாக்கெட், அதாவது மருந்தப் பத்த வைக்கிற பிரைமர் உக்கார்ற அடிக்குழி, சீக்கிரம் லூசாகாது. கிடைக்கலேன்னா 308, 243, 7எம்எம்-08 எல்லாம் ஒரே குடும்பம், அதுல இருந்து டைங்கற அச்சுல போட்டு மாத்திக்கலாம், 260-ல இருக்கற பெரிய சௌகரியமே இதுதான். 308-அ சுருக்கினா கழுத்து தடிச்சுப் போகும், சேம்பர்ல, அதான் பேரல்ல தோட்டா உக்கார்ற அறையில, இடம் இல்லாம குண்ட விடாம புடிச்சா பிரஷர் எகிறிரும், அதனால கழுத்த கடைஞ்சு மெலிசாக்கியே ஆகணும். 243-அ விரிச்சா கழுத்து மெலியும், தோள் பக்கத்து உலோகம் கழுத்தடிக்கு ஏறி உள்பக்கம் ஒரு வளையம் மாதிரி நிக்கும். 7எம்எம்-08 தான் எனக்குப் பிடிச்ச வழி, ரொம்ப கொஞ்சம் தான் சுருக்கணும். எதுல இருந்து மாத்தினாலும் கேஸ் அடியில பழைய பேரு தான் இருக்கும், அதனால பெட்டி மேல பெருசா 260ன்னு எழுதி தனியா வை, இதுல மட்டும் சோம்பேறித்தனம் கூடவே கூடாது.

ஒரே லாட்ல 200 கேஸ் வாங்கிரு. ஒவ்வொண்ணும் பத்து பன்னெண்டு தடவ தாங்கினா பேரல் தேயிற வரைக்கும் கேஸ் கவலை இல்ல. அதுக்கு கழுத்த நடுநடுவுல அனீல் பண்ணணும், அதாவது சூடு காட்டி இளக்கணும், கம்பிய மடக்கி நிமித்திட்டே இருந்தா முறுகி ஒடியும்ல, கழுத்தும் அப்படித்தான். சூடு கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும் தான், அடிப்பாகம் இளகிட்டா உன் முகத்துக்கே ஆபத்து. பழைய கேஸ் யாராவது கொடுத்தா ஒரு பேப்பர் கிளிப்ப நிமித்தி நுனிய லேசா வளைச்சு உள்ள விட்டு அடியில இருந்து மேல இழு, அடிக்கு கொஞ்சம் மேல நுனி ஒரு பள்ளத்துல தட்டுச்சுன்னா அந்தக் கேஸ் அங்கதான் ரெண்டாப் பிரியப் போகுது, நசுக்கிப் போட்டுரு.

பளபளன்னு ஆக்கறேன்னு அமோனியா கலந்த பாலிஷ் போடாதம்மா. வெள்ளைக்காரன் காலத்துல நம்ம ஊர்ல மழை சீசன்ல குதிரை லாயத்துல வச்சிருந்த தோட்டா கேஸ் எல்லாம் தானா விரிசல் விட்டுச்சு, குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அமோனியா தான் காரணம்னு 1921-ல தான் தெளிவா விளக்கினாங்க. 70 பங்கு செம்பு 30 பங்கு துத்தநாகம் கலந்த பித்தளைக்கு அது விஷம் தான். வெந்நீர், கொஞ்சம் சோப்பு, வெயில்ல காயவை, போதும்.

ஞாயித்துக்கிழமைக்குள்ள முறுக்கு அளவ அனுப்பு. 8 இஞ்சுன்னா நான் இங்க கால்கரில லபுவா கேட்டு வைக்கிறேன், 9-ன்னா 120 கிரெய்ன் குண்டோட நிறுத்திக்கலாமான்னு பேசுவோம். அட்வான்ஸ் மட்டும் இப்போ கொடுக்காத. சேம்பர் கழுத்து அளவு விக்கிறவருக்குத் தெரியுமான்னும் கேட்டு வை.

அப்பா