பதிவேட்டில் ஏறும் தவறான பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நள்ளிரவில் ஒரு விஎம் (மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினி) நின்றுபோனால் முதலில் கேட்கப்படுவது, அது யாருடையது, யாரை எழுப்புவது என்பதுதான். அந்தப் பெயரை, விஎம்களை நிர்வகிக்கும் விஎம்வேர் மென்பொருளான விசென்டரில் கஸ்டம் அட்ரிப்யூட்டாக, அதாவது நாமே சேர்க்கும் கூடுதல் குறிப்பாக, யாராவது எழுதி வைத்திருப்பார்கள். நிறுவனத்தின் கணினிகளையெல்லாம் பதிந்துவைக்கும் சிஎம்டிபி என்னும் உள்ளமைவுப் பதிவேட்டிலோ அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கும். இரண்டையும் இணைக்கத்தான் இறக்குமதி செய்கிறோம். ஆனால் அவசரமாகச் செய்த இறக்குமதி, காலிக் கட்டத்தில் தவறான பெயரை ஏற்றிவிடுகிறது. காலிக் கட்டத்தைப் பார்த்தவர் விசாரிப்பார், தவறான பெயரைப் பார்த்தவர் நம்பிவிடுவார். இந்தப் பணியில் இருக்கும் வாசகர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

தவறு பெரும்பாலும் பொருத்தத்தில்தான் நேர்கிறது. விசென்டரின் வரிசை பதிவேட்டின் எந்த வரிசையில் போய்ச் சேர வேண்டும் என்பதை விஎம் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரே பெயரில் இரண்டு விஎம்கள் வெவ்வேறு ஃபோல்டர்களில் இருக்கலாம். 'விஎம்-1042' போன்ற உள் அடையாளமும் போதாது, இன்னொரு விசென்டரிலும் ஒரு 1042 இருக்கலாம். மேலும் ஒரு விஎம்மை விசென்டரின் பட்டியலான இன்வென்டரியிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தால் அந்த எண் மாறிவிடும். கஸ்டம் அட்ரிப்யூட் மதிப்புகளும் அப்போதே போய்விடும், ஏனென்றால் அவை விஎம்மின் கோப்புகளில் இல்லை, விசென்டரின் தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன.

பயாஸ் யூயூஐடி, அதாவது விஎம்முக்குள் இயங்கும் இயங்குதளத்துக்கும் தெரியும் நீண்ட அடையாள எண், நல்ல அடையாளம் போலத் தெரியும். ஆனால் விஎம்மின் கோப்புகளை நகலெடுத்த ஒருவர், 'நகலெடுத்தீர்களா, நகர்த்தினீர்களா' என்று மென்பொருள் கேட்கும்போது 'நகர்த்தினேன்' என்று பதில் சொல்லிவிட்டால் இரண்டு விஎம்களுக்கும் ஒரே எண் இருக்கும். பைட் வரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. விசென்டர் 42183507-6219 என்று தொடங்கிக் காட்டும் எண்ணை, இயங்குதளத்துக்குள்ளிருந்து படிக்கும் கருவி 07351842-1962 என்று காட்டக்கூடும். முதல் மூன்று பகுதிகளில் மட்டும் பைட்டுகள் திரும்பி நிற்கும், மற்றவை அப்படியே இருக்கும். இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் ஒரே கணினி பதிவேட்டில் இரண்டாகிவிடும். விஎம்களைப் பிரித்தறிய விசென்டர் பயன்படுத்தும் இன்ஸ்டன்ஸ் யூயூஐடியையும் விசென்டரின் சொந்த அடையாளத்தையும் சேர்த்துத் திறவுகோலாக வைப்பதே என் பரிந்துரை.

அடுத்தது அட்ரிப்யூட்டின் பெயர். விஎம்மோடு ஒட்டி வருவது ஓர் எண்ணும் ஒரு மதிப்பும் மட்டுமே. எந்த எண் எந்தப் பெயர் என்ற பட்டியல் தனியே இருக்கிறது, அது ஒவ்வொரு விசென்டருக்கும் வேறுபடும். 'உரிமையாளர்' ஓரிடத்தில் 101, இன்னோரிடத்தில் 205 என்று இருக்கலாம். அதனால் ஒவ்வொரு விசென்டரின் பட்டியலையும் முதலில் எடுத்து, எண்ணைப் பெயராக மாற்றிய பிறகே எல்லாவற்றையும் ஒன்று சேர்க்க வேண்டும். விசென்டர் 5.1 பதிப்பில் வந்த டேக்குகள் (விஎம்களுக்கு ஒட்டும் அடையாளச் சீட்டுகள்) வேறு சங்கதி. அவை வேறு ஏபிஐ (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் இடைமுகம்) வழியாக வருவதால் அட்ரிப்யூட்டைப் படிக்கும் ஸ்கிரிப்டில் சிக்காது. டெம்ப்ளேட்டுகளையும் (புதிய விஎம் உருவாக்க வைத்திருக்கும் அச்சுகள்), 7.0 அப்டேட் 1 முதல் கிளஸ்டர்கள் (சேர்ந்து இயங்கும் சர்வர் தொகுப்புகள்) தாமாக உருவாக்கிக்கொள்ளும் விசிஎல்எஸ் என்ற உள்வேலை விஎம்களையும் தொடக்கத்திலேயே வடிகட்டிவிடுங்கள்.

எல்லா அட்ரிப்யூட்டும் பதிவேட்டுக்குத் தேவையில்லை. சில பேக்கப் மென்பொருள்கள் கடைசியாக ஓடிய நேரத்தை அட்ரிப்யூட்டில் எழுதுகின்றன. அதையும் ஏற்றினால் தினமும் எல்லா விஎம்மும் 'மாறியதாக' வரலாறு நிரம்பும், உண்மையான மாற்றம் அதில் புதைந்துபோகும்.

சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) வழியாகச் செய்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இன் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி கட்டளை, எழுத்துக்குறியாக்கத்தைச் சொல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்த ஆஸ்கியில் எழுதும், தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். அதே கட்டளை நெடுவரிசைகளை முதல் வரிசையைப் பார்த்தே முடிவு செய்கிறது. முதல் விஎம்மில் 'உரிமையாளர்' என்ற பண்பே இல்லையென்றால் மற்ற எல்லாருடைய உரிமையாளரும் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் காணாமல் போவார்கள். மூன்றாவது, கோப்பை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். செலவு மையம் 00452 என்றிருந்தது 452 ஆகிவிடும்.

பதிவேட்டுக்குச் சர்வீஸ்நவ் மென்பொருளைப் பயன்படுத்துவோர், எந்த நெடுவரிசை எந்தப் புலத்தில் சேர வேண்டும் என்று சொல்லும் டிரான்ஸ்ஃபார்ம் மேப்பில் திறவுகோல் புலங்களுக்கு 'கோயலெஸ்' (பழைய வரிசையோடு பொருத்திப் பார் என்ற குறி) போடாவிட்டால், ஒவ்வொரு முறையும் புதிய வரிசைகளே சேரும். உரிமையாளர் போன்ற, வேறு பட்டியலைச் சுட்டும் ரெஃபரன்ஸ் புலத்தில், பொருந்தாத மதிப்பை என்ன செய்வது என்று சொல்லும் 'சாய்ஸ் ஆக்ஷன்' கிரியேட் என்று இருந்தால் இன்னும் விபரீதம். 'நிதிப் பிரிவு, பழைய குழு' என்று யாரோ எழுதியிருந்த வாசகம் ஒரு புதிய பயனராகவே உருவாகி நிற்கும். அதை ரிஜெக்ட் அல்லது இக்னோர் என்று மாற்றி, பொருந்தாதவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்து மனிதர்கள் பார்த்துத் திருத்த வேண்டும். காலி மதிப்பு வந்தால் பழையதை அழிப்பதா, விட்டுவிடுவதா என்பதையும் புலத்துக்குப் புலம் முன்பே முடிவு செய்யுங்கள். விசென்டரில் மதிப்பே எழுதாமல் விட்டதற்கும், எழுதிப் பின்பு துடைத்ததற்கும் வித்தியாசம் உண்டு.

முதலில் பத்து விஎம்களை மட்டும் ஏற்றி, ஒவ்வொன்றையும் விசென்டரோடு நேரில் ஒப்பிடுங்கள். பிறகு அதே கோப்பை உடனே இரண்டாம் முறை ஓட்டுங்கள். புதிதாகச் சேர்ந்தவை 0, மாறியவை 0 என்று வர வேண்டும். வேறு எண் வந்தால் திறவுகோலிலோ மதிப்பைத் திருத்தும் விதியிலோ கோளாறு இருக்கிறது, முழுப் பட்டியலைத் தொடாதீர்கள்.

வேலை முடிந்ததும் விசென்டரில் பழைய அட்ரிப்யூட்டை நீக்கத் தோன்றும். வரையறையை நீக்கினால் எல்லா விஎம்மிலும் அதன் மதிப்புகள் சேர்ந்தே அழிந்துவிடும். முழு நகல் ஒன்றைக் கோப்பாக எடுத்து வைத்த பிறகே அதில் கை வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்