ரெண்டாம் உலகப்போர் வீடியோ போடுற சேனல்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாரே, தம்பிமாரே,

உங்க வீடியோவை விடாம பாக்குறவன்தான் எழுதுறேன். 1940 ஜூன் வந்தா போதும், "பிரான்ஸ் படுத்துருச்சு"ன்னு ஒரே வரில முடிச்சிட்டு லண்டனுக்கு தாவிடுறீங்க. நிஜ கூத்தே அப்புறம் ஆப்பிரிக்காவுலதான் சார் நடந்துச்சு.

ஜெர்மனிக்குப் பணிஞ்ச விஷி அரசா, சண்டையை விடக்கூடாதுன்னு லண்டன்ல ரேடியோவுல பேசிட்டிருந்த பிரெஞ்சு ஜெனரல் டெ கோலான்னு அங்க இருந்த பிரெஞ்சு காலனி ஒவ்வொண்ணோட கவர்னரும் முடிவு பண்ண வேண்டியிருந்துச்சு. சாட் கவர்னர் ஃபெலிக்ஸ் எபூவே, பிரெஞ்சு கயானாவுல பொறந்த கறுப்பர், ஆகஸ்ட் 26 அன்னிக்கு டெ கோல் பக்கம் சாஞ்சாரு, விஷி அவருக்கு மரண தண்டனையே விதிச்சுது.

செனகல்ல இருக்கிற டக்கார் துறைமுகத்துல கதை வேற, அது விஷி பக்கம் நின்னுச்சு. செப்டம்பர் 23, ஒரே மூடுபனி, வெளிய கடல்ல ஆங்கிலேய கப்பல்கள், டெ கோலும் கூடவே வந்திருந்தாரு. வெள்ளைக்கொடி கட்டின படகுல தூது போன டெ கோலோட ஆளு தார்ஷான்லியூவை கால்லயே சுட்டாங்க. உள்ள இருந்த விஷி கவர்னர் ஜெனரல் புவாசோன் யாருன்னா, முதல் உலகப்போர்ல ஜெர்மன்காரன்கிட்ட சண்டை போட்டு ஒரு காலை இழந்தவரு! அவரை சும்மா துரோகின்னு சொல்லிட்டுப் போயிட முடியுமா? ஜூலைல அல்ஜீரியாவோட மெர்ஸ் எல் கெபீர் துறைமுகத்துல, பிரெஞ்சு கப்பல்கள் ஜெர்மன்காரன் கைக்குப் போயிடக்கூடாதுன்னு ஆங்கிலேயன் சுட்டு 1,297 பிரெஞ்சுக்காரங்க செத்த கோவம் அங்க ஆறவே இல்ல.

காபோன் இன்னும் மோசம். கவர்னர் மாசோன் முதல்ல டெ கோல்னாரு, சில நாள்லயே விஷின்னு மாறினாரு. நவம்பர்ல அதோட தலைநகர் லிப்ரவீல்கிட்ட ஒரே மாடல்ல கட்டின ரெண்டு பிரெஞ்சு கப்பல், டெ கோல் பக்கத்து சவோர்ன்யான் டெ பிராசாவும் விஷி பக்கத்து புகன்வீலும், ஒண்ணை ஒண்ணு சுட்டுச்சு, புகன்வீல் போச்சு. ஊரு விழுந்த கொஞ்ச நாள்ல மாசோன் தற்கொலை பண்ணிக்கிட்டாரு. (பாண்டிச்சேரி அந்த செப்டம்பர்லயே டெ கோல் பக்கம் வந்துருச்சு, சுத்தி வெள்ளைக்காரன் இருக்கும்போது வேற வழி?)

இதுல ஆப்பிரிக்க ஊர்க்காரன்கிட்ட யாரும் எந்தப் பக்கம்னு கேக்கவே இல்ல, ஆனா ரெண்டு பக்கமும் துப்பாக்கி தூக்கினதுல அவனும் இருந்தான். பிரான்ஸுக்காக சண்டை போட்டு, ஜெர்மன் சிறையிலிருந்து திரும்பின ஆப்பிரிக்க சிப்பாய்ங்க டக்கார் பக்கத்துல தியாரோய் முகாம்ல சம்பள பாக்கி கேட்டாங்க, 1944 டிசம்பர் 1 காலைல பிரெஞ்சு ராணுவமே சுட்டுச்சு. முதல்ல 35 பேரு செத்தாங்கன்னு கணக்கு சொன்னாங்க, அது இன்னிக்கும் தகராறுல இருக்கு.

டேங்க் மாடல் நம்பர் சொல்ற நேரத்துல பாதி போதும், இதை ஒரு வீடியோவா போடுங்க. தம்ப்நெயில்ல ஹிட்லர் மூஞ்சி வேணாம், அந்த ரெண்டு கப்பலையும் பக்கத்துல பக்கத்துல வைங்க.

இப்படிக்கு,
பெல் ஐகானையும் அமுக்கி வச்சிருக்கிற ஒருத்தன்