கினபாத்தாங்கான் கரையில் களையெடுப்பவர்களுக்கு

மலேசியாவின் சபா மாநிலத்தில் கினபாத்தாங்கான் ஆற்றின் கரையிலுள்ள பத்து பூத்தே, மெங்காரிஸ், சுக்காவ் ஊர்களில் எங்கள் குழுவுக்குத் துணை நின்ற அனைவருக்கும் வணக்கம்.

உங்களுக்குரிய நன்றியை மலாய் மொழியில் எழுதி, புறப்படும் நாளன்றே கூட்டுறவு அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். பிள்ளைகள் எல்லாரும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதோடு விட்டுவிடலாம் என்றுதான் மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்களை எங்கள் தமிழ் மக்களும் அறிந்துகொள்ள வேண்டும். வேறொரு காரணமும் உண்டு. நான் பேராக் மாநிலத்தில் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னுடன் வந்தவர்கள் என் பழைய மாணவர்களும் அவர்களின் பிள்ளைகளும். எங்கள் பாட்டன்மார் காட்டை அழித்து ரப்பர் நட்டவர்கள். அப்பாமார் ரப்பரைச் சாய்த்துச் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனையை நட்டவர்கள். செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் காட்டு மரம் நடுவதற்காக விமானம் ஏறிப் போகிறோம் என்று கேள்விப்பட்டதும், வாழ்நாளெல்லாம் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கிய என் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் இந்த மடலில்தான் இருக்கிறது.

முதல் நன்றி, கன்று நடும் பெண்கள் குழுவுக்கு. உங்களில் எவர் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டது அப்படி. ஆனால் நீங்கள் செய்யும் வேலையை எழுதாமல் இருக்க முடியாது.

நாங்கள் வரும்போது நடுவதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டு வந்தோம். குழி தோண்டி, பையைக் கிழித்து, கன்றை இறக்கி, மண்ணை மிதித்துவிட்டால் முடிந்தது. அதைப் படமும் எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் காலையிலேயே நீங்கள் எங்களை நடுமிடத்துக்கு அழைத்துப் போகாமல், முந்தைய ஆண்டு நட்ட இடத்துக்கு அழைத்துப் போனீர்கள். அங்கே கன்று எதுவும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆளுயரப் புல்லும் அதன்மேல் படர்ந்த கொடியும்தான் இருந்தன. நீங்கள் பாராங் என்னும் நீண்ட வெட்டுக்கத்தியால் கொடியை அறுத்து, புல்லை மடக்கி வெட்டி, உள்ளேயிருந்து ஒவ்வொரு கன்றாக வெளியே கொண்டுவந்தீர்கள். கொடி சுற்றி வளைந்துபோன ஒரு கன்றை ஒரு பெண்மணி நிமிர்த்திக் குச்சி கட்டிய விதத்தைப் பார்த்து, எங்களோடு வந்த பதின்மூன்று வயதுப் பையன் தன் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அதன் பிறகு நாள் முழுவதும் அவன் அவரை விட்டு நகரவில்லை.

மரம் நடுவது ஒரு நாள் வேலை. அதைப் புல்லுக்குமேல் தலை தூக்க வைப்பது சில ஆண்டு வேலை என்று அன்று விளங்கியது. வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகிக் கரையை மூடினால் கன்றுகள் நாள்கணக்கில் நீருக்குள் நிற்கும். நீர் வடிந்ததும் புல் முந்திக்கொள்ளும். எல்லாம் தப்பிப் பிழைத்தாலும் யானைக் கூட்டம் ஓர் இரவு அந்த வழியாக நடந்தால் போயிற்று. அந்த யானைகளுக்காகவும்தானே நடுகிறோம், அவற்றின்மேல் கோபித்துக்கொள்ள முடியுமா என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பார்த்துப் பார்த்து வளர்த்ததை மிதித்துவிட்டுப் போனால் எங்கள் ஊரில் பட்டாசோடு கிளம்பிவிடுவார்கள்.

இந்த ஆற்றை அறியாத நம் வாசகர்களுக்குச் சில செய்திகள். கினபாத்தாங்கான் 560 கிலோமீட்டர் நீளமுள்ளது. மலேசியாவில் சரவாக்கின் ராஜாங் ஆற்றுக்கு அடுத்த நீளமான ஆறு இதுவே. சபாவின் நிலப்பரப்பில் ஏறக்குறையக் கால்பங்கில் விழும் மழைநீர் இதன் வழியாகத்தான் சூலு கடலுக்குப் போகிறது. கடலை நெருங்கும் கீழ்ப்பகுதியில் மேட்டுக்காடு, வெள்ளக்காடு, கரிமண் சதுப்பு, நிப்பாப்பனை, அலையாத்தி என்று வரிசையாகக் காடு மாறிக்கொண்டே போகும். மூக்கு நீண்ட பெக்காந்தான் குரங்கு, ஓராங் ஊத்தான், போர்னியோ யானை, உவர்நீர் முதலை, போர்னியோவில் உள்ள 8 வகை இருவாச்சிகள் அத்தனையும் இங்கே உண்டு. இவ்வளவும் ஒரு பெருங்காட்டுக்குள் இருக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். 1950களிலிருந்து பெரிய மரங்களை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டுச் சண்டக்கான் துறைமுக நகருக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் செம்பனை வந்தது. மிஞ்சியதை 2005இல் வனவிலங்குச் சரணாலயமாக அரசிதழில் அறிவித்தார்கள்: ஏறத்தாழ 26,000 ஹெக்டேர், அதுவும் 10 துண்டுகளாக.

துண்டுகள் என்பதில்தான் எல்லாச் சங்கடமும். காட்டுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகிற வழிக்குக் கிடைக்கவில்லை. யானைக்கு ஆற்றங்கரைதான் சாலை. அந்தச் சாலையில் செம்பனையும் மின்வேலியும் குறுக்கே நின்றால் அது தோட்டத்துக்குள் நுழையும், குருத்தைத் தின்னும், மனிதருக்கும் அதற்கும் பகை வரும். ஓராங் ஊத்தானுக்கு நீந்தத் தெரியாது. முன்பெல்லாம் சிற்றாறுகளின் இரு கரையிலும் நின்ற பெருமரங்களின் கிளைகள் மேலே ஒன்றையொன்று தொடும். அதன்மேல் ஏறிக் கடந்துவிடும். அந்த மரங்கள் போனபின், பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிக் குறுக்கே கட்டிப் பாலம் போட்டிருக்கிறார்கள். அதில் ஓராங் ஊத்தான்கள் நடந்து போயிருக்கின்றன. ஊர்க்காரர்களையே ஆய்வாளர்களாகவும் காவலர்களாகவும் வேலைக்கு எடுத்து, சபா வனவிலங்குத் துறையோடு சேர்ந்து 1998 முதல் சுக்காவில் ஓராங் ஊத்தான்களைக் கவனித்துவரும் ஹூத்தான் அமைப்புக்கும், ஆற்றங்கரையிலேயே ஆய்வு நிலையம் நடத்தும் டானாவ் கிராங் குழுவினருக்கும் எங்கள் நன்றி உரியது. நாங்கள் கேட்ட கேள்விகளில் பாதி அறியாமையில் கேட்டவை. ஒன்றையும் அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை.

நாங்கள் நட்ட இடம் இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஆற்றோரமாக ஓடும் ஒரு மெல்லிய பட்டை. அதன் மறுபக்கம் செம்பனைத் தோட்டம். ஆற்றின் கரை மேட்டிலிருந்து 20 மீட்டருக்குக் காப்புநிலம் விட வேண்டும் என்று சபாவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. படகில் போகும்போது அந்த 20 மீட்டரைப் பல இடங்களில் தேட வேண்டியிருந்தது. செம்பனை மட்டைகள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தன. அதனால் எங்களைத் தம் தோட்டச் சாலை வழியாக லாரியில் ஏற்றிக்கொண்டு போன அந்தத் தோட்டத் துணை நிர்வாகிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கெடா மாநிலத்திலிருந்து போனவர், தமிழர். ஆற்றோரத் தாழ்நிலத்தில் ஆண்டுதோறும் வெள்ளம் நிற்பதால் அங்கே குலை வெட்டிய கூலிகூடத் தேறாது என்று கணக்கோடு விளக்கினார். அந்த வரிசைகளை முதலிலேயே நட்டிருக்கக் கூடாது என்று தோட்டத்துக்காரர் ஒருவர் வாயால் கேட்டது எங்கள் கூட்டத்துக்குப் புதிது. என் அக்காவுக்கு நான் கொண்டுபோன பதில் இதுதான்: அந்த நிலத்தில் உதிரிப்பழம் பொறுக்கப் போனால் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்க வேண்டும். அவர் உடனே ஒப்புக்கொண்டார். காட்டைப் பற்றி நான் சொன்ன வேறெதுவும் அவரிடம் எடுபடவில்லை.

பத்து பூத்தேயில் எங்களைத் தங்கவைத்த குடும்பங்களுக்கு என்ன சொல்ல! எங்களில் சிலர் சைவம், மற்றவர்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை. நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே இதை யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். மக்சிக் (எங்கள் பிள்ளைகளும் உங்களை அத்தை என்ற பொருளில் அப்படித்தான் அழைத்தார்கள்), நீங்கள் சம்பலைப் பெலாச்சான் என்னும் இறால் விழுது இல்லாமல் தனி அம்மியில் அரைத்து, பாக்கு என்று மலாயில் சொல்லும் பெரணிக் கீரையைத் தனிச் சட்டியில் வதக்கி, எந்தக் கரண்டி எந்தப் பாத்திரத்துக்கு என்று உங்கள் மகளுக்கு ஒரு முறைக்கு இரு முறை சொல்லிவைத்ததை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். உங்கள் தொழுகை நேரத்தில் எங்கள் பிள்ளைகள் கூடத்தில் போட்ட சத்தத்துக்கு நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாங்கள் கொண்டுவந்த முறுக்கை உங்கள் பேரன் ஒரே மாலையில் முடித்துவிட்டான். இன்னும் ஒரு டின் தபாலில் வருகிறது.

படகோட்டி அண்ணனுக்கு: மாலையில் குரங்குகள் கரையோர மரங்களுக்குத் தூங்க வரும் என்பதால் எல்லாப் படகுகளும் அந்த நேரத்தில்தான் கிளம்புகின்றன. யானை தெரிகிறது என்று ஒரு வளைவில் ஏழெட்டுப் படகுகள் மோதாத குறையாக நெருங்கியபோது, நீங்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு எதிர்க்கரையிலேயே நின்றுவிட்டீர்கள். கிட்டே போகும்படி எங்களில் சிலர் கேட்டார்கள். குட்டியோடு நீந்திக் கடக்கப் பார்க்கிறது, வழியை மறிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்காரர் கடையில் காத்திருப்பவர்போல் நிதானமாக உட்கார்ந்துகொண்டீர்கள். மற்றப் படகுகள் போன பிறகு அது கடந்தது. எங்களைத் தவிர வேறெவரும் அதைப் பார்க்கவில்லை. கரையில் தானாக முளைத்து நின்ற லாரான் மரத்தைக் காட்டியதும் நீங்கள்தான். நம் இலக்கியத்தில் முருகனுக்குரிய கடம்ப மரம் அது. அதுவரை எங்கள் பிள்ளைகள் கடம்பைப் பாடலில் மட்டுமே அறிந்திருந்தார்கள்.

பாராங் வழுக்கி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்ட எங்கள் மாணவருக்குத் தையல் போட்ட அரசாங்கக் கிளினிக் உதவியாளருக்கும், மதிய வெயிலில் அவரை அங்கே கொண்டுபோன இளைஞருக்கும் நன்றி. கை ஆறிவிட்டது.

சுக்காவில் இரவு பேச்சு ஒரு முறை பாலத்தின் பக்கம் திரும்பியது. அங்கே ஆற்றின் குறுக்கே திட்டமிட்ட பாலத்தை 2017இல் அரசு கைவிட்டது. யானைகளின் வழியை அந்தச் சாலை அறுத்துவிடும் என்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பலர் எதிர்த்திருந்தார்கள். தொலைவில் இருந்து பார்த்த எங்களுக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. மறுகரையில் உறவினர் இருக்கும் ஒரு பெரியவர், பிரசவ வலியில் படகுக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டார். கைவிட்டது சரியான முடிவு என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவின் விலையை எங்களைப் போன்றவர்கள் கொடுக்கவில்லை, நீங்கள் கொடுக்கிறீர்கள். அதை எவரும் உங்களுக்கு முறையாக நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. இந்த மடலில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஊர் திரும்பியதும் எங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் எத்தனை மரம் நட்டீர்கள் என்றே கேட்கிறார்கள். நிறுவனங்களும் அப்படித்தான் நன்கொடை தருகின்றன: இத்தனை கன்று, இவ்வளவு பணம், ஒரு பலகை, ஒரு படம். களையெடுப்புக்குப் பலகை வைக்க இடமில்லை. கூட்டுறவில் கணக்குப் பார்க்கும் தம்பி இதைச் சொல்லும்போது குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொன்னார். ஆகவே எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்தில் சேர்ந்த பணத்தைப் புதுக் கன்றுக்கு வேண்டாம், களையெடுக்கும் கூலிக்கும் பாராங் தீட்டுவதற்கும் படகு எண்ணெய்க்கும் என்று எழுதியே அனுப்பியிருக்கிறோம். வெள்ளம் வடிந்த பிறகு எவ்வளவு தேவைப்படும் என்ற கணக்கைத் தயங்காமல் அனுப்புங்கள். அந்தப் பையன் பள்ளி விடுமுறையில் மறுபடியும் வரப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். வந்தால் நடும் வேலை கொடுக்காதீர்கள். புல் வெட்டக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நன்றியுடன்,
பேராக் குழுவின் சார்பில்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்