மீன் இறங்குதள மதிப்பீட்டிலேயே கடற்பசு பாதுகாப்புக்கும் நிதி ஒதுக்கக் கோரி மனு

அனுப்புநர்:
நாட்டுப்படகு மீனவர்கள்,
சேதுபாவாசத்திரம் கடற்கரை,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
தஞ்சாவூர்.

மதிப்பிற்குரிய ஆட்சித்தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையிலான 448 சதுர கிலோமீட்டர் கடலை, நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாங்கள் ஆவுளியா என்று சொல்லும் இந்தக் கடற்பசு எங்கள் கடலில் மேய்வதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் எங்கள் பிழைப்பும் இதே கடலில்தான். படகு அணைய நல்ல இறங்குதளம் வேண்டும், படகு வந்துபோகும் வழியைத் தூர்வார வேண்டும். இந்த வேலைகளையும் ஆவுளியாவையும் எதிரெதிராக நிறுத்தாமல், இரண்டுக்கும் ஒரே செலவு மதிப்பீட்டில் பணம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

தூர்வாரும்போது கிளம்பும் சேறு தண்ணீரில் கலங்கியே நின்றால் அடியில் வெயில் படாது. வெயில் படாத கடற்புல் செத்துப்போகும். ஆவுளியா ஒன்று நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் புல் மேயும். இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்வதும் அந்தப் புல்லில்தான். ஆகவே புல் அழிந்தால் நாங்களும் வெறும் வலையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். வேலை முடிந்த பிறகு பாதுகாப்புக்கென்று தனியாக நிதி தேடுவதில் பயனில்லை. புல் எங்கெங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே அளப்பது, சேறு பரவாமல் திரை கட்டுவது, சேதமான இடத்தில் மூங்கில் சட்டத்தில் புல் கட்டி நடுவது, இவற்றின் செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். புல் எங்கே அடர்ந்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். நடும் வேலையையும் கூலியையும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தாருங்கள்.

இன்னொன்று, வலை. ஆவுளியா சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். அது வலையில் மாட்டினால் உடனே வலையை அறுத்து அதை விடுவிப்பதுதான் ஒரே வழி. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடும் உயிர் என்பதால் ஒன்று செத்தாலும் பெரிய இழப்பு. ஆனால் அறுத்த வலைக்குப் பணம் வரும்வரை அந்தக் குடும்பம் கடலுக்குப் போக முடியாது. முழு வலை விலையையும் ஒரு வாரத்துக்குள் கொடுக்க மாவட்டத்திலேயே ஒரு நிதி வேண்டும். வனவிலங்குச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்பதால், தானாகச் சிக்கியதைச் சொல்லவே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். விடுவித்துத் தகவல் சொல்பவர்மீது வழக்கு வராது என்று எழுத்தில் உறுதி கொடுத்தால் அந்தப் பயம் போகும்.

மதிப்பீடு இறுதியாகும் முன் மீன்வளத்துறை, வனத்துறை அலுவலர்களோடு எங்களையும் ஒரே கூட்டத்துக்கு அழைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நாட்டுப்படகு மீனவர்கள்