கத்தி வைக்கும் முன் பக்கம் பாருங்கள்: விபத்து சிகிச்சை நெறிமுறைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

வயிற்றில் குண்டு பாய்ந்து வருபவருக்கு என்ன செய்வது என்பதில் நம் நெறிமுறைகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. மூச்சுவழி, ரத்தம், 3 மணி நேரத்துக்குள் ரத்தக் கசிவைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், ரத்த அழுத்தம் நிற்காவிட்டால் சிடி ஸ்கேனுக்கு அனுப்பாமல் நேரே தியேட்டர். ஆனால் அத்தனை வரிகளும் கல்லீரல் வலப்பக்கம் இருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு உறுப்புகள் எல்லாமே இடம் வலமாக மாறியிருக்கின்றன. சுமார் 500 பேரில் ஒருவருக்கு இரு சிறுநீரகங்களும் கீழ்முனையில் ஒட்டி, குதிரை லாடம் போலப் பெருந்தமனிக்கு முன்னால் குறுக்கே கிடக்கின்றன. குண்டுக் காயமே அரிதாக வரும் நம் ஊரில் இவற்றைப் பார்த்துப் பழக வழியில்லை. அதனால் எழுத்தில் இருக்கட்டும் என்று கேட்கிறோம்.

முதல் திருத்தம் கேஷுவாலிட்டியில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) வேண்டும். உறுப்பு மாறியவரின் மார்பு எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் தெரியும். படம் தவறாக வந்துவிட்டது என்று நினைத்து, கணினியில் ஒரே க்ளிக்கில் அதை இடம் வலமாகத் திருப்பி அனுப்புவது நடக்கக்கூடியதுதான். அப்போது இருந்த ஒரே எச்சரிக்கையும் போய்விடும். தட்டின் மேல் இடமா வலமா என்று காட்டும் ஈயக் குறி வைக்காமல் எந்தப் படமும் எடுக்கக் கூடாது. திருப்பும் அதிகாரம் எக்ஸ்ரே அறையில் யாருக்கும் இருக்கக் கூடாது. இதயத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. இதயம் மட்டும் வலப்பக்கம் இருந்து கல்லீரல் வழக்கமான இடத்திலேயே இருப்பவர்களும் உண்டு. இரைப்பையின் காற்றுக் குமிழ் எந்த விலாவின் கீழ் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு பொறி மூச்சுக்குழாயில் இருக்கிறது. வழக்கமாக மூச்சுக்காகப் போடும் ட்யூப் ஆழமாக இறங்கினால் வலது நுரையீரலுக்குப் போகும். உறுப்பு எல்லாமே மாறியவர்களுக்கு இடப்பக்கம் போகும். வலப்பக்கம் மூச்சொலி கேட்காததால் மார்பில் ரத்தம் கட்டியிருக்கிறது என்று நினைத்து, தேவையில்லாத இடத்தில் ஐசிடி (மார்பிலிருந்து ரத்தமும் காற்றும் வடிக்கும் குழாய்) போட்டுவிட வாய்ப்புண்டு. ட்யூபை 2 செ.மீ. வெளியே இழுத்துவிட்டு மறுபடி கேட்பது அதைவிடச் சுலபம். ஃபாஸ்ட் ஸ்கேனில் (உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று உடனே பார்க்கும் அல்ட்ராசவுண்டில்) கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே தேங்கும் ரத்தம் இடப்பக்கம் தெரியும். இதயம் நின்றுபோய் மார்பைத் திறக்க நேர்ந்தால், இதயமும் மார்புப் பெருந்தமனியும் வலப்பக்கமே இருக்கும் என்பதால் வலப்பக்கம்தான் திறக்க வேண்டும். 20 வாரம் தாண்டிய கர்ப்பிணியை இடப்பக்கம் சாய்ப்பது, கருப்பை அழுத்தக்கூடிய கீழ்ப் பெருஞ்சிரை வலப்பக்கம் இருப்பதால்தான். அது இடப்பக்கம் இருந்தால் சாய்வும் மாறும்.

வயிற்றைத் திறப்பது நடுக்கோட்டில், மேலிருந்து கீழ்வரை. எந்த அமைப்புக்கும் பொருந்துகிற கீறல் அது ஒன்றுதான். நான்கு மூலையிலும் மாப் (ரத்தம் உறிஞ்சும் துணி) வைத்து அடைத்தபின் கையை உள்ளே விட்டுக் கல்லீரல், பித்தப்பை, சீக்கம் (பெருங்குடலின் தொடக்கம்), பெருந்தமனித் துடிப்பு நான்கையும் தேடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. இரைப்பையில் போட்ட ட்யூபைத் தடவினால் உணவுக்குழாய் கிடைக்கும். அதன் அருகே பெருந்தமனியை முதுகெலும்போடு சேர்த்து அழுத்தலாம். பெருந்தமனியை வெளிக்கொண்டுவர இடப்பக்க உறுப்புகளைப் புரட்டும் முறையை உறுப்பு மாறியவருக்கு வலப்பக்கமிருந்து செய்ய வேண்டும். சிறுகுடல் சுழற்சி சரியாக நடக்காதவருக்குக் குடலின் தொடக்கம் வழக்கமான இடத்தில் இருக்காது. சீக்கத்திலிருந்து பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். துளைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் வந்தால், குடல்தாங்கி (குடலைப் பிடித்திருக்கும் சவ்வு) ஒட்டும் விளிம்பைக் கொழுப்பை விலக்கி இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

குதிரைலாடச் சிறுநீரகம்தான் எங்களுக்கு அதிகக் கவலை தருவது. நடுவயிற்றில், முதுகுப்புறம் ரத்தம் கட்டியிருக்கும். பெருந்தமனியைத் தேடிப் போகிறவர் குறுக்கே கிடக்கும் இணைப்புச் சதையைக் கட்டி என்றோ உறைந்த ரத்தம் என்றோ வெட்டிவிடலாம். அதில் வேலை செய்யும் சிறுநீரகத் திசு இருக்கக்கூடும். சிறுநீர்க் குழாய்கள் அதன் முன்புறமாக இறங்குகின்றன. பெருந்தமனியிலிருந்தும் இடுப்புத் தமனிகளிலிருந்தும் பல கிளைகள் அதற்கு ரத்தம் தருகின்றன. ஒரு க்ளாம்ப்பில் (ரத்தக் குழாயை இறுக்கும் இடுக்கியில்) ரத்தம் நிற்காது. முதலில் உதரவிதானத்தின் அருகே பெருந்தமனியை அடக்குங்கள். சிறுநீரகத்தை எடுக்கும் நிலை வந்தால், மறுபக்கம் ஒன்று இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.லி. கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து) கொடுத்து, 10 நிமிடம் கழித்து மேசையிலேயே ஒரு படம் எடுங்கள். இடுப்புக்குழியில் தென்படும் சதைத் திரள் அந்த ஆளின் ஒரே சிறுநீரகமாகக்கூட இருக்கலாம்.

கல்லீரலுக்கு ரத்தம் போகும் காம்பை க்ளாம்ப் செய்தும் இடது மடலிலிருந்து சிவந்த ரத்தம் வந்தால், இரைப்பையின் இடது தமனியிலிருந்து தனிக் கிளை வருகிறதா என்று சிற்றோமென்டத்தில் (கல்லீரலுக்கும் இரைப்பைக்கும் இடையிலுள்ள சவ்வில்) தேடுங்கள். கரிய ரத்தம் வந்தால் கல்லீரலுக்குப் பின்னாலிருக்கும் சிரை. பல மண்ணீரல் கொண்ட சிலருக்குக் கீழ்ப் பெருஞ்சிரை பாதியில் நின்று, உடலின் கீழ்ப்பாதி ரத்தம், முதுகெலும்பை ஒட்டி மார்பில் ஏறும் அசைகஸ் சிரை வழியாக இதயத்துக்குப் போகும். மார்பும் வயிறும் சேர்ந்த காயத்தில் வழக்கத்துக்கு மாறாகப் பருத்த அசைகஸைக் கட்டிவிடாதீர்கள். தைக்கத்தான் வேண்டும்.

அமைப்பு புரியாத வயிற்றில் முதல் அறுவையிலேயே எல்லாவற்றையும் முடிக்க முயல வேண்டாம் என்பதையும் எழுதுங்கள். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழ், ரத்தத்தின் பிஎச் (அமிலநிலை அளவு) 7.2க்குக் கீழ், ரத்தம் உறையவில்லை என்றால் குடலைக் கட்டி, மாப் அடைத்து, தற்காலிகமாக மூடி ஐசியூவுக்கு அனுப்புங்கள். நிலைமை தேறியதும் கான்ட்ராஸ்ட் சிடி எடுங்கள். 24 முதல் 48 மணி நேரம் கழித்து மறுபடி திறப்பவர் அதைப் பார்த்துவிட்டுத் திறக்கலாம். இரண்டாவது குழு பெரும்பாலும் வேறு ஆட்கள் என்பதால், முதல் குழு அறுவைக் குறிப்பில் ஒரு கைப்படம் வரைந்தே ஆக வேண்டும். எத்தனை மாப், எந்த மூலையில், கல்லீரல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதில் வேண்டும். ‘வழக்கமான முறையில்’ என்ற சொல் இத்தகைய நோயாளிகளின் குறிப்பில் வரக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2008 அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் வெட்டும் இடத்தைக் கேட்கிறது. உள்ளே உறுப்புகள் எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. உள்ளூர்த் தேவைக்கேற்ப அதில் வரிகள் சேர்க்க அந்த நிறுவனமே இடம் தருகிறது. அந்த ஒரு வரியையும், டிஸ்சார்ஜ் தாளின் முதல் வரியில் நோயாளியின் உறுப்பமைப்பை எழுதும் விதியையும் அடுத்த திருத்தத்தில் சேர்க்கக் கோருகிறோம்.

இப்படிக்கு,
விபத்து அறுவை சிகிச்சைப் பணியில் உள்ள மருத்துவர்கள்