எங்கள் ஃபிளாட்டில் எங்களுக்கு வேலை இல்லையா? பஞ்சாயத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பஞ்சாயத்து பிரசிடெண்ட், செக்ரட்டரி மற்றும் மெம்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கேரளத்தின் கிழக்கு எல்லையில் இருக்கும் நம் பஞ்சாயத்தில், வாய்க்கால் ஓரத்தில், நிலமும் வீடும் இல்லாத குடும்பங்களுக்காக எழும்பி வரும் ஃபிளாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். முன்கதை எல்லாம் உங்களுக்கே தெரியும். போன வாரம் கான்கிரீட் போட்ட அன்று கேட் முன்னால் நடந்ததும் தெரியும், உங்களில் இரண்டு பேர் அங்கேயே நின்றிருந்தீர்கள். எங்கள் அயல்கூட்டத்துப் பெண்கள், அதாவது குடும்பஸ்ரீயின் அக்கம்பக்கத்துக் குழுப் பெண்கள், கொத்துவேலைப் பயிற்சிச் சான்றிதழை நீட்டி வேலை கேட்டார்கள். சூப்பர்வைசர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணி ஊத்தி நனைக்கிற வேலை இருக்கு, வேணும்னா ரெண்டு பேர் வாங்க" என்றார். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் கோரிக்கையை இப்போதே சொல்லிவிடுகிறேன். அரசுப் பணத்தில் இந்தப் பஞ்சாயத்துக்குள் கட்டும் எந்தக் கட்டடமானாலும், மொத்த வேலை நேரத்தில் நாலில் ஒரு பங்காவது இங்கே குடியிருக்கும் தொழிலாளிகளுக்கு என்று டெண்டரிலும் ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். வாய்வார்த்தை வேண்டாம், எழுத்தில் வேண்டும்.

அந்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது அரசுப் பணம். முடிவு விழாவில் ஆளுக்கொரு கொத்துக்கரண்டியும் மஞ்சள் ஹெல்மெட்டும் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டதும் நீங்கள்தான். பயிற்சிக்காக அவர்கள் கட்டிய அங்கன்வாடிச் சுற்றுச்சுவர் இன்றும் நிற்கிறது. சந்தேகம் இருந்தால் தூக்குக்குண்டு போட்டுப் பாருங்கள். அந்தச் சுவர் தாண்டிக் கூப்பிடு தூரத்தில்தான் ஃபிளாட் எழும்புகிறது. அதில் வீடு கேட்டு விண்ணப்பித்தவர்களில் சிலர் அதே பெண்கள்.

அவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டீர்களா? விடியுமுன் சோறு பொங்கி மூடிவைத்துவிட்டு, வேலந்தாவளம் வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் ஏறுகிறார்கள். உக்கடத்தில் இறங்கி, மேஸ்திரி யாராவது கூப்பிடுவாரா என்று நிற்கிறார்கள். கூப்பிட்டால் சித்தாள் வேலை. கரண்டி பிடிக்கத் தெரிந்த கை கல் சுமக்கிறது, ஏனென்றால் அங்கே யாருக்கும் இவர்களைத் தெரியாது. கூப்பிடாத நாளில் பஸ் காசும் நஷ்டம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போதும் அம்மா இல்லை, திரும்பி வரும்போதும் அம்மா இல்லை.

போன வருஷம் ஒரு தங்கச்சி கோயம்புத்தூரில் சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆட்டோவில் ஏற்றிவிட்டு மேஸ்திரி போனை அணைத்துவிட்டார். அவர் பெயர் "அண்ணன்" என்பதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்திருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும். அதில் சேர, சட்டப்படி முந்தைய 12 மாதத்தில் 90 நாளாவது கட்டட வேலை செய்திருக்க வேண்டும். அவள் வருஷம் முழுக்கச் செய்தாள், ஆனால் செய்தது எல்லைக்கு அந்தப் பக்கம். அந்த 90 நாளுக்கு இங்கே யார் கையெழுத்துப் போடுவார்கள்? அங்கே போய்க் கேட்டால், ரேஷன் கார்டு கேரளத்துக் கார்டு என்கிறார்கள். கடைசியில் அயல்கூட்டத்தில்தான் கடன் வாங்கினாள். அந்தக் கணக்கை நோட்டில் எழுதுவது நான். இன்னும் அடையவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கட்டடச் செலவில் 1 சதவீதம் செஸ் என்ற வரியாக அந்த வாரியத்துக்குப் போக வேண்டும். எங்களுக்காகக் கட்டும் ஃபிளாட்டிலிருந்தும் போகும். உள்ளூரிலேயே அந்த 90 நாள் வேலை கிடைத்திருந்தால் அவளும் உறுப்பினராகியிருப்பாள். பணம் மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது.

தப்பாக நினைக்காதீர்கள், வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தகர ஷெட்டில் படுத்து வேலை செய்யும் பையன்கள் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கோயம்புத்தூரில் நாங்களும் வெளியூர்க்காரர்கள்தான். நாலில் மூணு பங்கை அவர்கள் செய்யட்டும், வேறு யாரும் செய்யட்டும். நாங்கள் கேட்பது மிச்சம் ஒரு பங்கு.

உள்ளூர் ஆள் என்றாலே தொல்லை என்று கான்ட்ராக்டர் சொன்னாராம். மாரியம்மன் நோம்பி வந்தால் மூன்று நாள் வரமாட்டார்கள், சாவு விழுந்தால் வரமாட்டார்கள், அப்புறம் நோக்குகூலி, அதாவது வேலையைப் பார்த்து நின்றதற்கே கூலி, கேட்பார்கள் என்று. நோக்குகூலியை அரசாங்கம் 2018 மே 1-ஆம் தேதியே ஒழித்தாயிற்று. எங்களுக்கு வேலை செய்துதான் கூலி வேண்டும், வேடிக்கை பார்த்து நின்றால் கிடைக்கும் கூலி வேண்டாம். நோம்பிக்கு லீவு எடுப்பது உண்மைதான். ஓணத்துக்கு ஆபீஸ் எத்தனை நாள் மூடியிருக்கும் என்று நாங்கள் கேட்டோமா?

உள்ளூர்க்காரர்களுக்கு வேலையில் பங்கு என்பது எங்கும் இல்லாத வழக்கம் என்று நம் எஞ்சினியர் சார் சொன்னார். வெளிநாட்டுத் தொழில்நுட்பம் பற்றி அவர் பேசினால் நேரம் போவதே தெரியாது, அதனால் வெளிநாட்டுச் சட்டம் ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். அமெரிக்காவில் 1968-ஆம் வருஷத்து வீட்டுவசதிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு என்ன சொல்கிறது? அரசாங்கப் பணத்தில் வீடு கட்டினால், அதிலிருந்து பிறக்கும் வேலை, முடிந்த மட்டும் அந்தப் பகுதியின் வருமானம் குறைந்தவர்களுக்குப் போக வேண்டும். 2020-ல் அதன் விதியைத் திருத்தி அளவு வைத்தார்கள். வேலை மணிநேரத்தில் 25 சதவீதம் அப்படிப்பட்ட தொழிலாளிகளுக்கு. அதற்குள் 5 சதவீதம் இன்னும் நெருக்கமானவர்களுக்கு, அதாவது அந்த அரசுக் குடியிருப்பில் இருப்பவர்கள், கட்டுமான இடத்திலிருந்து ஒரு மைல் சுற்றளவில் இருப்பவர்கள் போன்றோருக்கு. எத்தனை பேரை எடுத்தோம் என்று கணக்குக் காட்டித் தப்பிக்காமல் இருக்க, எத்தனை மணிநேரம் வேலை கொடுத்தோம் என்று எண்ணுகிறார்கள். நாங்களும் மணிநேரத்தில் கேட்பது அதனால்தான். அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். அளவை எட்டாதவர்கள், என்னென்ன முயற்சி செய்தோம் என்று எழுதிக்கொடுத்துத் தப்பிக்க வழி இருக்கிறது. ஆனாலும் எழுதிக்கொடுக்கவாவது வேண்டும். நம் ஊரில் அதுவும் வேண்டாம்.

சரி, அமெரிக்கா தூரம். கோழிக்கோடு மாவட்டத்து வடகரை தூரமில்லையே? கூலிக்காரர்கள் 1925-ல் சேர்ந்து தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இன்று பெரிய ரோடும் பாலமும் போடுகிறது. 1996-ல், ஊர்த் திட்டங்களைப் பஞ்சாயத்துகளே போடும் மக்கள் திட்டம் வந்தபோது, கான்ட்ராக்டரை ஒதுக்கிவிட்டுப் பயனாளிகள் கமிட்டியே வேலையை எடுத்துச் செய்யலாம் என்று வைத்ததும் இதே கேரளம்தான். அதிலும் பினாமிகள் புகுந்தது வேறு கதை. சொந்தமாக மூணு சென்ட் இருந்து லைஃப் என்ற அரசு வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டியவர்களுக்கு, தொழிலுறப்பிலிருந்து, அதாவது ஊரக வேலை உறுதித் திட்டத்திலிருந்து, 90 நாள் கூலி வீட்டுக்காரருக்கே வரும்படி ஏற்பாடு இருந்தது. தன் வீட்டுக்குத் தானே மண் சுமந்து அவர்கள் கூலி வாங்கினார்கள். நிலமே இல்லாதவர்களுக்கு ஃபிளாட் கட்டும்போது மட்டும் அந்தக் கூலி கான்ட்ராக்டரோடு போய்விடுகிறது. கையில் ஒன்றும் இல்லாதவனுக்குத்தான் வேலையும் இல்லை. இது யார் யோசனை என்று தெரிந்தால் அவருக்கும் ஒரு கரண்டியும் ஹெல்மெட்டும் கொடுக்கலாம்.

டெண்டர் அறிவிப்பைப் பார்த்திருந்தால் அப்போதே ஆட்சேபம் சொல்லியிருக்கலாமே என்று செக்ரட்டரி சார் கேட்டார். மலையாளத்தில் ஒட்டியிருந்தது சார். எங்களில் பாதிப் பேர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தமிழும் கன்னடமும் பேசும் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டத்திலேயே எழுதியாயிற்று. டிசம்பரில் ஓட்டுக் கேட்டு வந்த நோட்டீஸ் எல்லாம் நல்ல தமிழில், ஒரு பிழை இல்லாமல் இருந்தது. ஜெயித்த மறுநாள் அந்த டிடிபி சென்டரை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

கான்ட்ராக்ட் கையெழுத்தாகிவிட்டது, இனி ஒன்றும் மாற்ற முடியாது என்பது உங்கள் பதில். இரண்டாவது பிளாக்கின் டெண்டர் இன்னும் போகவில்லையே. அதில் அந்த ஒரு வரியைச் சேர்க்க யார் தடுக்கிறார்கள்? உள்ளூர் தொழிலாளிக்கு வேலை நேரத்தில் நாலில் ஒரு பங்கு, அதில் பெண்களுக்கும் கொத்துவேலை. யார் யார் எத்தனை மணிநேரம் செய்தார்கள் என்ற பட்டியலை வாரம் ஒரு முறை சைட்டின் கேட்டில் மலையாளத்திலும் தமிழிலும் ஒட்டட்டும், கிராமசபையில் வாசிக்கட்டும். அளவு குறைந்தால் பில்லை நிறுத்திவையுங்கள். பில் நின்றால் கான்ட்ராக்டருக்கு உள்ளூர் ஆள் தானாகக் கண்ணில் படுவார். இப்போது நடக்கும் பிளாக்கில் சுவர் பூச்சு இன்னும் தொடங்கவில்லை. ஒரு மாடிப் பூச்சையாவது எங்கள் குழுவுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி நீங்கள் கான்ட்ராக்டரிடம் பேசலாம். வேலை பிடிக்கவில்லை என்றால் ஓவர்சீயர் வந்து இடித்துப் போடச் சொல்லட்டும், எங்கள் செலவில் மறுபடி பூசித் தருகிறோம்.

கொத்துவேலை, கம்பி கட்டு, சென்ட்ரிங், பெயின்டிங் தெரிந்தவர்களின் பட்டியலை வார்டு வாரியாக எழுதி மெம்பர் அக்காவிடம் கொடுத்திருக்கிறோம். அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, என்ன முடிவானாலும் எழுத்தில் தெரிவிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். பதிலைத் தமிழில் அனுப்பினால் அயல்கூட்டத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
அயல்கூட்டத்தின் சார்பில், அதன் செயலாளர்
சித்தூர் தாலுகா, கிழக்கு எல்லை